மொகல் தெரு முக்குல நிக்கற அப்பா (ரங்கூன் டைரி)

ஜூன் 9
இன்னிக்கும் கோயிலுக்கு கெளம்பி மொகல் தெரு முக்குல நின்னுட்டாரு. அந்த தெருவுக்கு ஸ்வேபோந்தானு பேர் மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, அப்பாவுக்கு மட்டும் இன்னும் மொகல் தெரு தான். நகைக்கடை கண்ணாடிய பாத்துட்டு ரெண்டு நிமிஷம் நிப்பாரு, அப்புறம் நடப்பாரு. ஒரு குண்டுமணி தங்கம் வாங்காத மனுஷனுக்கு என்ன திடீர் ஆசைனு நானும் அம்மாவும் சிரிச்சுக்கிட்டோம்.

ஜூன் 13
சிரிச்சதுக்கு நல்லா வேணும். இடது கெண்டைக்கால்ல கவ்வி புடிக்குதாம், அத மறைக்கத்தான் கடைய பாக்கற மாதிரி நிக்கறாராம், இன்னிக்கு தான் வாய தொறந்தாரு. போன வருஷம் கால் வலிக்குதுன்னப்ப ஒரு கிளினிக்ல முட்டி தேய்மானம்னு மாத்திரை குடுத்தாங்க, அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி தேச்சாங்க, நான் என் பங்குக்கு நடக்காதீங்கப்பா டாக்ஸில போங்கனு சொல்லி சொல்லியே அவர வீட்டுல உக்கார வெச்சிட்டேன்.

ஜூன் 20
பெரிய டாக்டர் கேட்ட மொத கேள்வியே வேற. வலிச்சா சும்மா நின்னாலே போகுதா, இல்ல உக்காந்து குனிஞ்சா தான் போகுதானு. முதுகெலும்புக்குள்ள நரம்பு போற பாதை சுருங்கினாலும் கால் இப்படி தான் வலிக்குமாம், ஆனா அதுக்கு உக்காரணும், குனியணும். நின்னாலே போச்சுனா ரத்தக்குழாய் சுருக்கம்னு சந்தேகப்படணும்.

அப்பா எந்திரிச்சு நகைக்கடை போஸ்ல நின்னு காமிச்சாரு :)

அப்புறம் கைக்கும் கணுக்காலுக்கும் பிரஷர் பாத்தாங்க. கையில 150, வலது கணுக்கால்ல 138, இடதுல 90. கணுக்கால் நம்பர கை நம்பரால வகுக்கணும், 0.9க்கு கீழ போனாலே சுருக்கம் இருக்குனு அர்த்தம், இடது கால் 0.6. சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு வெறச்சு போயிருந்தா இந்த நம்பர் பொய்யா ஏறி காட்டுமாம், அதனால ரத்த ஓட்டத்த காட்டற டாப்ளர் ஸ்கேனும் எடுத்தாங்க. தொடையில அடைப்பு.

காரணம் கேக்கணுமா? 12 வருஷ சுகர், 40 வருஷ சுருட்டு. நம்ம சுருட்டு தான் இங்கிலீஷ்ல செரூட் ஆச்சுனு பெருமையா சொல்லுவாரு, அந்த பெருமை தொடையில வந்து உக்காந்திருக்கு.

ஜூன் 21
கரண்ட் இல்ல, தூக்கமும் இல்ல, போன்ல சார்ஜ் இருக்கற வரைக்கும் படிச்சேன். குழாயோட விட்டம் பாதியானா ஓட்டமும் பாதி ஆகும்னு தானே நெனப்போம்? கணக்குப்படி பதினாறுல ஒரு பங்கு தான் ஓடும். 1964ல அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல சார்லஸ் டாட்டர்னு ஒரு டாக்டர், கால எடுக்க விடமாட்டேன்னு அடம் புடிச்ச 82 வயசு பாட்டிக்கு கத்தி வெக்காம டியூப விட்டே தொடை ரத்தக்குழாய விரிச்சிருக்காரு. பாட்டி அதுக்கப்புறம் சொந்த கால்லயே நடந்தாங்களாம். இன்னிக்கு அடைப்ப விரிக்கற பலூன், மறுபடி சுருங்காம தாங்கற ஸ்டென்ட்னு சொல்றதெல்லாம் அங்க ஆரம்பிச்சது தான்.

அப்பாவுக்கு இப்போதைக்கு பலூன் வேணாமாம். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சுருட்டுக்கு முழுக்கு, அப்புறம் நடை. வலிக்கற வரைக்கும் நடக்கணும், நிக்கணும், வலி போனதும் மறுபடி நடக்கணும், அர மணி நேரத்துக்கு மேல, வாரம் மூணு நாளாவது, 12 வாரம். நான் எத தடுத்தேனோ அதான் வைத்தியம். பெரிய ரோடு ஜாம் ஆனா டாக்ஸிக்காரன் சந்து பொந்துல புகுந்து போற மாதிரி சின்ன ரத்தக்குழாய்ங்க கொஞ்சம் கை குடுக்கும், தசையும் கெடைக்கற ரத்தத்த வெச்சு ஓட்டிக்க பழகிக்கும்னு சொன்னாங்க.

ஜூலை 11
மழைன்னா மழை. தெருவுல முழங்கால் தண்ணி, சுகர் காலோட அதுல எறக்க முடியாது, கீறல் பட்டா அது வேற வம்பு. காளியம்மன் கோயில் வரைக்கும் டாக்ஸில கூட்டிட்டு போயி பிரகாரத்துலயே சுத்த விட்டேன். எட்டு சுத்துல மூணு தடவ நின்னாரு. வேண்டுதலானு ஒரு ஆச்சி கேட்டாங்க, ஆமாங்கனு சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 2
ஜன்னல் மூலையில சுருட்டு வாசம். பக்கத்து வீட்டுக்காரர் புடிச்சதாம். அம்மா ரெண்டு நாளா பேசல.

செப்டம்பர் 13
வெயில் வந்துச்சு, வீட்டுல இருந்தே நடந்தோம். நகைக்கடைய திரும்பி கூட பாக்காம மொகல் தெருவ தாண்டிட்டாரு, நான் மூச்ச புடிச்சுக்கிட்டு பின்னாடியே போறேன். 28ஆம் தெரு டீக்கடை வாசல்ல நின்னாரு. வலிக்குதாப்பானு கேட்டேன். பதிலே இல்ல, உள்ள பாத்து ரெண்டு டீனு வெரல காமிச்சிட்டு ஸ்டூல இழுத்து போட்டு உக்காந்துட்டாரு.