சா. கார்சியாவும் கா. சாஞ்சோவும்

இருபத்தேழு கிலோமீட்டருக்கு ஐம்பது யூரோ! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வட ஸ்பெயினில் நாஹெரா என்ற ஊரில் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். தங்கியிருந்த லோக்ரோன்யோ நகரத்துக்குத் திரும்ப டாக்ஸிக்காரர் கறந்த தொகை அது. மீட்டரைக் காட்டினேன், அவர் ரோட்டைக் காட்டினார். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கார்சியாவாக இருக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு உண்டு; ஸ்பெயினில் அந்தக் குடும்பப் பெயரோடு 14 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். நாட்டிலேயே முதலிடம்.

நான் நாஹெரா போனதே அந்தப் பெயரால்தான். லோக்ரோன்யோ விடுதிப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள். என்னிடம் இருப்பதோ ஒற்றை இனிஷியல். வரவேற்பில் இருந்த பெண் சிரித்தார்: அவருக்கு இரண்டு கட்டத்திலும் கார்சியாவாம். ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. சொந்தத்தில் கட்டியது இல்லை, பெயர் அவ்வளவு சாதாரணம். கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. "கார்சியா ராஜாவைப் பார்க்க வேண்டுமா? நாஹெரா போங்கள்" என்றார்.

பஸ் நேரம், டிக்கெட் விவரம் பிறகு சொல்கிறேன்.

செம்பாறைக் குன்றை முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது சாந்தா மரியா லா ரியால் மடம். 1052-ல் அதைக் கட்டியவர் நவார்ரா நாட்டு ராஜா மூன்றாம் கார்சியா சாஞ்செஸ். வேட்டையில் அவருடைய ராஜாளி ஒரு குகைக்குள் பறந்ததாம். பின்னாலேயே போனவர் கண்டது மாதா சிலை, எரியும் விளக்கு, ஜாடியில் லில்லிப் பூ. குகை இன்றும் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது; உள்ளே போனால் கழுத்தில் சில்லென்று காற்று. அந்த ராஜா 1054-ல் சொந்தத் தம்பி ஃபெர்னாண்டோவோடு அதாப்புவெர்க்கா போரில் மோதிச் செத்தார். குகை வாசலிலேயே அரச குடும்பத்துக் கல்லறைகள் வரிசையாக.

அங்கே பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கார்சியா சாஞ்செஸ் என்றால் சாஞ்சோ மகன் கார்சியா. அவர் அப்பா சாஞ்சோ கார்செஸ். மகனும் சாஞ்சோ கார்செஸ்! தாத்தா பெயர் பேரனுக்கு. நம் ஊரில் எழுதினால் சா. கார்சியா, கா. சாஞ்சோ, அவ்வளவுதான். நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அவர்களுடையது ஒரு கட்டத்தில் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. இன்றைய ஸ்பெயினில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களில் கார்சியாவுக்கு அடுத்த எட்டும், ரோட்ரிகெஸ், கோன்சாலெஸ், ஃபெர்னாண்டெஸ் என்று, "இன்னார் மகன்" வகைதான். கார்சியா மட்டும் 'மகன்' என்று சொல்லும் அந்த "எஸ்" வாலில்லாமல், ஆளின் பெயராகவே நின்றுவிட்டது. மூலம் பாஸ்க் மொழி என்பது பலர் கருத்து: கரடி என்று ஒரு கட்சி, இளையவன் என்று இன்னொன்று. கல்லறையைப் பார்த்த நான் கரடிக் கட்சி.

இந்த ஆராய்ச்சியில்தான் பஸ் போனது.

ராத்திரி லோக்ரோன்யோ லவுரெல் தெருவில் மனம் ஆறியது. இரும்புத் தட்டில் வாட்டிய மூன்று காளான்களை ரொட்டித் துண்டின்மேல் அடுக்கி, உச்சியில் குட்டி இறாலை வைத்துக் குச்சியால் குத்தித் தருகிறார்கள். பூண்டும் எண்ணெயும் ரொட்டிக்குள் இறங்கி, கடித்தால் முழங்கை வரை வழிகிறது. நான்கு சாப்பிட்டேன். டாக்ஸிக் காசில் இன்னும் எத்தனை என்று கணக்குப் போடவில்லை.

பஸ் நேரமா? ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.