ரேடியோ அயோடினுக்கு முன்னால் ஒரு கான்ட்ராஸ்ட் ஊசி

தைராய்டு கேன்சருக்கு ஆபரேஷன் முடிந்து மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடினுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இடையில் எந்த டாக்டர் எதற்காக சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தாலும், படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்குக் கையை நீட்டும் முன், ரேடியோ அயோடின் கொடுக்கும் நியூக்ளியர் மெடிசின் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அந்த ஒரு ஊசியால் என் கோடைகாலம் மொத்தமும் போனது.

கட்டி, ஊசி பயாப்ஸி, ஆபரேஷன் எல்லாம் மதுரையிலேயே சிக்கலில்லாமல் முடிந்தன. பாப்பிலரி கார்சினோமா என்ற வகை, 2.5 செ.மீ., நெறிகட்டிகளில் பரவல் இல்லை. "கேன்சர்லயே நல்ல கேன்சர்" என்று பார்க்க வந்த எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லது என்றால் அவர்களே வாங்கிக்கொள்ளலாம்.

அதன்பின் வந்த இருமலுக்கு வேறொரு டாக்டரிடம் போனேன். நெஞ்சுக்கு சிடி எழுதினார். ஸ்கேன் சென்டரில் கொடுத்த படிவத்தில் அலர்ஜி உண்டா, கிரியாட்டினின் எவ்வளவு என்றெல்லாம் கேட்டிருந்தது, தைராய்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானாகவே "எனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆகியிருக்கு, அடுத்து அயோடின் ட்ரீட்மென்ட் இருக்கு" என்று டெக்னீஷியனிடம் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா, கையை நீட்டுங்க" என்றார்.

சம்பந்தம் என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது. சிகிச்சைக்கு முன்னால் உடம்பை அயோடினுக்கு ஏங்க வைக்க வேண்டும். அப்போதுதான் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் கதிரியக்க அயோடினை இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள் அயோடின் என்று பத்தியம். சிடி கான்ட்ராஸ்டில் மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராம் அயோடின் இருந்தால், 100 மில்லியில் 30 கிராம். பத்தியக் கணக்கில் ஆறு லட்சம் நாளுக்கான அயோடின் ஒரே ஊசியில்!

இது தெரியாமல், எடுத்துவிட்ட தைராய்டுக்குப் பதிலாகச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையை நிறுத்தினேன். தைராய்டு செல்களைத் தூண்டிவிடும் ஹார்மோனான டிஎஸ்எச் 30-க்கு மேல் ஏற வேண்டும் என்பதற்காக. சித்திரைத் திருவிழாக் கூட்டம், ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் கிடந்தேன். முகம் வீங்கி, குரல் கரகரத்து, ஒரு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில்கூட முழுசாகப் பார்க்க முடியவில்லை, தூங்கிப்போனேன்.

அந்த நிலையில் மருத்துவமனைக்குப் போய், அட்வான்ஸ் கட்டி, டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் கேட்ட மூன்றாவது கேள்வியே கான்ட்ராஸ்ட் பற்றித்தான். தேதியைச் சொன்னதும் ஃபைலை மூடிவிட்டார். ஊசி போட்டதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரமாவது போக வேண்டும், இப்போது மருந்து கொடுத்தால் வீண் என்றார். பழையபடி தைராக்சின் ஆரம்பிக்க வேண்டும், பிறகு திரும்ப நிறுத்த வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய கவுன்டரில் இந்தக் கேள்வியை அன்றைக்குக் காலையிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால், "அது டாக்டர் கேக்க வேண்டியதும்மா" என்றார் அங்கிருந்தவர். அதே கவுன்டரில்தான் வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி "கடைசியா பீரியட்ஸ் எப்போ?" என்று கேட்டார்கள். அது மட்டும் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி போல.

என்ன கான்ட்ராஸ்ட் மருந்து, எத்தனை மில்லி என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஸ்கேன் சென்டருக்குப் போனால், "அதெல்லாம் ரிப்போர்ட்ல வராது மேடம்." மதியம்வரை உட்கார வைத்து, ரேடியாலஜிஸ்ட் வந்த பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கும் அன்றைக்கே இதைக் கேட்டு வாங்கிவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம்.

தைராக்சின் இல்லாமல் கிடந்ததில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. தோல் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், 10 மில்லிகிராம் பயோட்டின். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். சரி, விட்டமின்தானே என்று விழுங்கினேன். இரண்டாவது முறை தைராக்சினை நிறுத்தி, மறுபடி போர்வைக்குள் போய், லேபில் ரத்தம் கொடுத்தால் டிஎஸ்எச் 30-ஐ எட்டவே இல்லை. "நடுவுல மாத்திரை போட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டார் அங்கிருந்த அம்மா. இல்லை என்றால், "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சிரிப்பு வேறு. உடம்பு வீங்கிப்போய் எதிரே நிற்கிறேன், பேப்பரில் இருக்கிற எண்ணைத்தான் நம்புகிறார்கள்.

என் மதினி பிடிவாதமாக வேறொரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. சில மெஷின்களில் டிஎஸ்எச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடியை பயோட்டின் மூலமாகத்தான் ஒட்ட வைக்கிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் அந்த இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், உண்மையில் கூடுதலாக இருக்கும் டிஎஸ்எச் குறைவாகத் தெரியும். தைராய்டு செல்கள் மிச்சமிருக்கின்றனவா என்று காட்டும் தைரோகுளோபுலின் டெஸ்டுக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி, சில நாள் விட்டு மறுபடி எடுத்தால் டிஎஸ்எச் 30-ஐத் தாண்டி எங்கேயோ நின்றது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சிரித்த அம்மாவின் மேஜைக்கே முதலில் போனேன்.

பத்தியம் பற்றிக் கொஞ்சம். நம் சட்டப்படி கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 5 கிராம் உப்பு போட்டாலே 75 மைக்ரோகிராம், அன்றைய அளவு தாண்டிவிட்டது. அயோடின் சேர்க்காதது என்று பாக்கெட்டில் எழுதிய உப்புக்காக தெருக்கடைகளில் ஏறி இறங்கி, கடைசியில் கீழமாசி வீதியில் கிடைத்தது. கருவாடு, அப்பளம், ஊறுகாய், ஓட்டல் சாப்பாடு, பால், முட்டை மஞ்சள் கரு எல்லாம் தள்ளுபடி. அடிபட்ட காயத்தில் போவிடோன் அயோடின் மருந்து வைப்பதும் கூடாது, இதை யாருமே சொல்வதில்லை. என் கொழுந்தன் பாவம், நான் வாடிக் கிடக்கிறேனே என்று விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா வாங்கி வந்தார். பாலும் கடல்பாசியும், இரண்டுமே ஆகாது. குடித்தது அவர்தான்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம், அளவைப் பற்றிக் கேட்டதுதான். ஃபைலில் ரேடியோ அயோடின் 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று எழுதியிருந்தது. வீணாய்ப் போன வாரங்களில் படித்ததில், 2012-ல் ஒரே இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளைப் பிடித்திருந்தேன். இங்கிலாந்தில் 438 பேரை வைத்து நடந்த ஹைலோ, பிரான்சில் 752 பேரை வைத்து நடந்த எஸ்டிமாபில். இரண்டும் 30 மில்லிகியூரியையும் 100-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தவை. ஹைலோவில் வெற்றி 30-க்கு 85 சதவீதம், 100-க்கு 88.9 சதவீதம்; 30 மில்லிகியூரி பின்தங்கவில்லை என்பதுதான் இரண்டிலும் முடிவு. டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபப்படவில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டை மறுபடி முழுக்கப் படித்துவிட்டு, "உங்களுக்கு 30 போதும்" என்றார்.

அடுத்து, அயோடினே வேண்டாம் என்று 2022-ல் வந்த எஸ்டிமாபில் 2 பற்றியும் கேட்டேன். அது 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு, உங்களுடையது 2.5 என்றார். தைராக்சினை நிறுத்தாமலே டிஎஸ்எச் ஊசி போட்டுக்கொள்ளும் வழியும் இருக்கிறது, 2012 ஆய்வுகளில் அதையும் சோதித்திருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் நானே பேச்சை மாற்றிவிட்டேன்.

மருந்து நவி மும்பையில் இருக்கும் மத்திய அரசின் பிரிட் நிறுவனத்திலிருந்து வர வேண்டும். அயோடின் 131-க்கு எட்டு நாளில் பாதி வீரியம் போய்விடும், அதனால் குறித்த தேதியைத் தவறவிடாதீர்கள். மருந்து சாப்பிட்டது ஐந்து நிமிட வேலை. அளவு குறைவு என்பதால் தனியறையில் அடைக்கவில்லை, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பஸ் கூடாது, காரில் பின்சீட்டில் தனியாக. வீட்டில் தனித் தட்டு, தனி அறை, கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர். மகளை முதல் நாளே உசிலம்பட்டிக்கு அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பள்ளி லீவில் தேதி வாங்கினால் இது சுலபம்.

பிறகு எடுத்த ஸ்கேனில் கழுத்தைத் தவிர வேறெங்கும் அயோடின் பிடிப்பு இல்லை. ஆறு மாதம் கழித்துத் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை கட்டிய அட்வான்ஸ் மட்டும் இன்னும் கணக்குப் பிரிவிலேயே இருக்கிறது. ரசீது ஒரிஜினல் வேண்டுமாம். அந்த ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டதே அவர்கள்தான்.