யார் கேட்டார்கள் இந்தக் கேசினோவை?

ஜனவரி 12, 2025, ஞாயிறு

போன திங்கள்கிழமை கொட்டிய பனி இன்னும் வாசலோரம் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு, 'டைசன்ஸில் கேசினோ வேண்டாம்' என்று எழுதிய பலகையை இன்று நட்டேன். நிலம் உறைந்திருந்ததால் கம்பி இறங்கவே இல்லை. வெந்நீர் ஊற்றி, செங்கல்லால் தட்டி ஒருவழியாக நிறுத்தினேன். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. தேர்தலுக்குக்கூட வாசலில் பலகை வைத்ததில்லை.

டைசன்ஸ் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பகுதி. மக்கள் வாக்கெடுப்பில் சம்மதித்தால் இங்கே கேசினோ, அதாவது சூதாட்டக் கூடம், கட்ட வழிவிடும் மசோதா வர்ஜீனியா சட்டமன்றத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. இந்த முறை அதன் எண் செனட் 982. கொண்டுவந்தவர் மேலவையான செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான ஸ்காட் சுரோவெல். இதற்கு முன் 2023, 2024 இரண்டு வருடமும் கொண்டுவந்தவர் டேவ் மார்ஸ்டன். இருவருமே எங்கள் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டிக்காரர்கள்தான் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). ஆனால் டைசன்ஸ் இருவருடைய தொகுதியிலும் இல்லை.

மசோதாவை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். 'டைசன்ஸ்' என்ற சொல்லே அதில் இல்லை. சில்வர் லைன் மெட்ரோ நிலையத்திலிருந்து கால் மைலுக்குள் இருக்க வேண்டும், வாஷிங்டனைச் சுற்றும் 495 வளையச் சாலைக்கு வெளியே இருக்க வேண்டும், பெரிய மால் ஒன்று இரண்டு மைலுக்குள் இருக்க வேண்டும் என்று அடையாளங்களை மட்டும் சொல்கிறது. இந்த மெட்ரோ பாதையில் தினமும் போய்வருகிற யாருக்கும் அது எந்த இடம் என்று புரிந்துவிடும். முதலில் பக்கத்து ஊரான ரெஸ்டனில்தான் பேச்சு அடிபட்டது. அங்கே உள்ளவர்கள் கொதித்து எழுந்ததும் அப்படியே கிழக்கே நகர்ந்து எங்கள் பக்கம் வந்துவிட்டது.

மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி ஊரே தண்ணீருக்குத் தவித்ததால், 8ஆம் தேதி கூடிய சட்டமன்றம் அன்றே ஒத்திவைக்கப்பட்டது. நாளை மறுபடி உட்காருகிறார்கள். மொத்தமே 46 நாள் கூட்டத்தொடர். அதில் ஐந்து நாள் இப்படியே போய்விட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலைக்குப் போகும் முன்பே அடுப்பில் பானை வைத்துப் பொங்கவிட்டு, அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். பேச்சுவாக்கில் கேசினோ விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "விடாதம்மா" என்றார். அவ்வளவுதான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை எழுதியாக வேண்டும். திண்டுக்கல்லில் அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். சம்பள நாளில் பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடையைத் தாண்டி அவரால் வர முடியாது. பூட்டான், சிக்கிம், கேரளா என்று வண்ண வண்ணமாகத் தொங்கும். 1968இல் அண்ணா அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். எங்கள் வீட்டுக்கு விழவே இல்லை. விழாத சீட்டுகளை அப்பா எறிய மாட்டார், ரப்பர் பேண்ட் போட்டு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் கண்டக்டர் விளையாட்டு விளையாடுவோம். "டிக்கெட், டிக்கெட்" என்று தம்பி கிழித்துக் கிழித்துக் கொடுப்பான். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா திடீரென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அவருடைய கம்மல் அந்த வாரம்தான் அடகுக் கடைக்குப் போயிருந்தது. எங்களுக்கு ஏன் என்று தெரியவில்லை. தம்பி தன் கையில் இருந்த சீட்டையெல்லாம் அம்மா மடியில் போட்டான், சமாதானம் செய்வதாக நினைத்து.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது. அப்பா தானாக நிறுத்தவில்லை. கடை மூடியதால் நிறுத்தினார். அவரே சொல்வார், "தூரமா இருந்தா போயிருக்க மாட்டேன்" என்று. கால் மைல் என்று மசோதாவில் படித்தபோது எனக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 18, சனி

தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பெற்றோர்கள் காத்திருக்கும் கூடத்தில் கேசினோவுக்கு எதிரான மனுவுக்குக் கையெழுத்து வாங்கினேன். பாதிப் பேருக்கு விஷயமே தெரியவில்லை. தெரிந்த ஒருவர் ஆதரிக்கிறார். கேட்டரிங் நடத்தும் அண்ணன், நல்ல மனிதர்.

"கவுண்டிகிட்ட காசு இல்லம்மா. ஆபீஸ் கட்டடம் எல்லாம் காலியா கிடக்கு. ஹோட்டல் சாப்பாட்டுக்கு வரி போடலாமான்னு பேசுறாங்க. கேசினோ வந்தா அந்த வரி எனக்கு மிச்சம். மேரிலாந்துக்குப் போற நம்ம பணம் இங்கயே இருக்கும்" என்றார்.

தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. பொடோமக் ஆற்றுக்கு அக்கரையில், மேரிலாந்தில், 2016 டிசம்பரிலிருந்து எம்ஜிஎம் நேஷனல் ஹார்பர் என்ற கேசினோ நடக்கிறது. வார இறுதியில் அங்கே போகும் கார்களில் வர்ஜீனியா நம்பர் நிறையத்தான் இருக்கும். சாப்பாட்டு வரியை 2016இல் வாக்காளர்கள் நிராகரித்ததும் உண்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள் அண்ணா என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இந்த மாநிலச் சட்டப்படி, பரிசு கொடுத்தது போகக் கேசினோவிடம் நிற்கும் பணத்தில்தான் வரி. முதல் 20 கோடி டாலருக்கு 18 சதவீதம், 40 கோடி வரை 23, அதற்கு மேல் 30. அதாவது அரசுக்கு 18 டாலர் வர யாரோ 100 டாலர் தோற்றிருக்க வேண்டும். அந்த 18 டாலரும் மாநிலமும் உள்ளூரும் பங்கு போட்டுக்கொள்வது. மிச்சம் 82 டாலர் நம் ஊரில் நம் கடைகளில், ஏன், உங்கள் கேட்டரிங்கிலேயே செலவாகியிருக்கக்கூடிய பணம் இல்லையா?

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. "வாக்கெடுப்பு வரட்டுமே, வேண்டாம்னா வேண்டாம்னு போட்டுடலாம்" என்றார். பலரும் இதையே சொல்கிறார்கள். ரிச்மண்ட் மக்கள் 2021இல் 'வேண்டாம்' என்றார்கள், ரொம்பக் குறைந்த வித்தியாசத்தில். அதோடு விடவில்லை. 2023இல் திரும்ப வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவாளர்கள் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் செலவழித்தார்கள். இரண்டாம் முறை பத்தில் ஆறு பேருக்கு மேல் 'வேண்டாம்' என்ற பிறகுதான் ஓய்ந்தது. வேலைக்குப் போய்க்கொண்டு பிள்ளை வளர்ப்பவர்கள் ஒரு கோடி டாலரை எதிர்த்து எத்தனை முறை நிற்க முடியும்?

கையெழுத்து: 43.

ஜனவரி 20, திங்கள்

மார்ட்டின் லூதர் கிங் நாள், அலுவலக விடுமுறை. வழக்கமாக இந்த நாளில் பொதுமக்கள் ரிச்மண்டுக்குப் போய் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்ப்பார்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரே வண்டியில் விடிவதற்கு முன் கிளம்பினோம். வாஷிங்டனில் அதிபர் பதவியேற்பையே குளிருக்குப் பயந்து உள்ளே மாற்றிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர் எதிர்வீட்டுப் பெரியவர், அரசு வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று நாங்கள் கேட்பதில்லை. எங்கள் தெருவில் அப்படி நிறையப் பேர். சி.ஐ.ஏ. தலைமையகம் பக்கத்தில்தான்.

எங்கள் பகுதி உறுப்பினர்கள் எதிர்ப்பு என்பது ஏற்கெனவே தெரியும். ஹெர்ன்டன் பக்கத்துச் செனட்டர் ஜெனிஃபர் பாய்ஸ்கோ வெளிப்படையாகவே எதிர்க்கிறார். அதனால் தூரத்து ஊர்க்காரர்களைப் பார்க்க முடிவு செய்தோம். தீர்மானிக்கப் போவது அவர்கள் கைகள்தான். ஒரு அலுவலகத்தில் உதவியாளராக இருந்த பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், பேனாவை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஜிப் கோட் என்ன?" சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்கள் எங்கள் தொகுதி இல்லையே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "உங்கள் தொகுதிக்கு இந்தக் கேசினோ வரவில்லை தம்பி, எங்களுக்குத்தான் வருகிறது. வாக்களிக்கப் போவது மட்டும் உங்கள் செனட்டர்" என்றேன். தம்பி என்ற சொல்லைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவன் பேனா மறுபடி எழுத ஆரம்பித்தது.

லிஃப்டில் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் என் சட்டையில் குத்தியிருந்ததைப் படித்துவிட்டு, "எங்களுக்கு வேலை வேண்டும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதே மாநிலத்து டான்வில் ஊரை நினைத்துக்கொண்டேன். ஊரையே தாங்கிய பெரிய நெசவு ஆலை மூடிப்போன இடத்தில் கேசினோ கட்டியிருக்கிறார்கள். பிரிஸ்டலில் மூடிப்போன மாலில் வந்தது. அந்த ஊர்கள் தாமே கேட்டன, 2020இல் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தார்கள். மில் மூடிய ஊரின் வலி எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எங்கள் கவுண்டி வாரியம் இதைக் கேட்டு ஒரு தீர்மானம்கூடப் போடவில்லை. 2010இல் பல வருடம் பேசி டைசன்ஸுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். 2050க்குள் ஒரு லட்சம் பேர் குடியிருக்கும், இரண்டு லட்சம் பேர் வேலை பார்க்கும், நடந்தே போகக்கூடிய நகரம். அந்தக் கட்டடங்களுக்கு ஆள் வேண்டும். அந்தச் சங்கத்துக்காரரின் வேலை அதில் இருக்கிறது.

திரும்பும் வழியில் பெரியவர் ஒன்று சொன்னார். ரகசியப் பணிக்கு அனுமதி கொடுக்கும்போது கடனையும் சூதாட்டத்தையும் தனியாகக் கேட்டுத் துருவுவார்களாம். வீட்டுக்குத் தெரியாமல் தோற்ற பணம்தான் ஒருவனை இன்னொருவன் கைக்குள் கொண்டுபோகும் என்றார். உளவுத் துறைகளில் இருந்து ஓய்வு பெற்ற பலர் இதையே சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 30, வியாழன்

எழுத மனம் இல்லை. நேற்று இரவு ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஹெலிகாப்டரோடு மோதி ஆற்றில் விழுந்துவிட்டது. 67 பேர். தெருவில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதற்கு முந்தைய நாள்தான் மத்திய அரசு ஊழியர்களுக்கெல்லாம் அந்த மின்னஞ்சல் வந்தது. இப்போது ராஜினாமா செய்தால் செப்டம்பர் வரை சம்பளம் என்று. பக்கத்து வீட்டு அக்கா சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் காட்டினார். இருபது வருட சர்வீஸ். வேலை போகுமோ என்று இத்தனை குடும்பங்கள் பயந்துகொண்டிருக்கும் நேரத்திலா ஊர் நடுவில் இரவு பகலாகத் திறந்திருக்கும் சூதாட்டக் கூடம்? அக்காவிடம் இதைப் பேசவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

செனட் நிறைவேற்றிவிட்டது. ஒரு அவையில் நிறைவேறிய மசோதாக்கள் அடுத்த அவைக்குப் போகக் கெடு நேற்று. அதற்குள் தாண்டிவிட்டது. பாய்ஸ்கோ எதிர்த்தும் பயன் இல்லை. எங்கள் பகுதி உறுப்பினர்களையும் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களையும் கேட்காமல், மூன்று நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அடக்க முடியாத கோபம்.

சரி. இனி கீழவையான பிரதிநிதிகள் அவை. பட்டியல் போட்டுப் பிரித்துக்கொண்டோம், ஆளுக்குப் பன்னிரண்டு உறுப்பினர்கள்.

பிப்ரவரி 12, புதன்

மறுபடி பனி. பள்ளி இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து போன். பன்னிரண்டில் ஒன்பது பேருக்குப் பேசிவிட்டேன். மூன்று இடத்தில் குரல்பதிவு. ஒவ்வொருவரிடமும் மசோதா எண், என் ஊர், அப்புறம் ஒரே வாக்கியம்: "எங்கள் கவுண்டி இதைக் கேட்கவில்லை." ஆறாவது போனில் மகள் அதைக் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மதியம் அந்தக் கேட்டரிங் அண்ணன் கூப்பிட்டார். சில வருடங்களுக்கு முன் அவரிடம் வேலை பார்த்த சமையல்காரர் ஒருவர் ஒவ்வொரு வெள்ளியும் சம்பளத்தோடு ஆற்றைத் தாண்டிப் போவாராம். திங்கள்கிழமை முன்பணம் கேட்பாராம். கடைசியில் கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள். "அன்னைக்கு நீ எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் பையிலதான் இருக்கு. எந்த நம்பருக்குக் கூப்பிடணும், சொல்லு" என்றார். கொடுத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்றோடு கூட்டத்தொடர் முடிந்தது. மசோதா பிரதிநிதிகள் அவையின் குழு நிலையைத் தாண்டவில்லை. இந்த வருடத்துக்குக் கேசினோ இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நின்னுடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். அம்மா போனை வாங்கி, இனியாவது நேரத்துக்குச் சாப்பிடு என்றார்.

2023இல் வந்தது, 2024இல் வந்தது, இந்த வருடமும் வந்தது. அடுத்த ஜனவரியில் வராது என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. பலகையைப் பிடுங்கலாமா என்று பெரியவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். பிரதிநிதிகள் அவையின் 100 இடங்களுக்கும் இந்த நவம்பரில் தேர்தல், அதற்கு முன் ஜூன் 17இல் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வாசல்படி ஏற வேண்டும். மணி அடிக்கும்போது நான் வீட்டில் இல்லையென்றால் கேட்பதற்காக, கேள்வியை மகள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.