ராகி அறுப்பில் கிடைக்கும் மான்குட்டி தாயில்லாமல் பிழைக்குமா?

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி ராகி வைத்தவர்களுக்குக் கார்த்திகையில் இந்தக் கேள்வி வந்தே தீரும். அறுப்புக்கு இறங்கினால் தாளுக்குள் ஒரு குட்டி சுருண்டு கிடக்கும், தாயைக் காணோம். இணையத்தில் தேடினால், இலையுதிர் காலத்துக் குட்டி தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று பதில் வருகிறது. அது அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கான பதில். அங்கே பெரும்பாலான குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. அக்டோபருக்குள் நான்கு மாதம் ஆகி, உடம்பில் புள்ளி மறைந்து, புல்லும் தழையும் தின்னப் பழகியிருக்கும். நம் புள்ளிமான் ஆண்டு முழுக்க ஈனும். கார்த்திகையில் கண்ட குட்டி நேற்றுப் பிறந்ததாகவும் இருக்கலாம், ஆடியில் பிறந்ததாகவும் இருக்கலாம். புள்ளியும் சாகும்வரை போகாது. அதனால் மாதத்தை விட்டுவிட்டு வயதைப் பாருங்கள்.

பிறந்த குட்டி சுமார் 3 கிலோ இருக்கும். முதல் ஒரு வாரம், பத்து நாள் எழுந்து ஓடாது. ஆள் வந்தால் கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தொப்புள்கொடி காய்ந்து தொங்கினால் பிறந்து சில நாள்தான். இந்த வயதில் தாய் போனால் குட்டியும் போகும். சீம்பால் குடிக்காத குட்டிக்கு நோய் எதிர்ப்பே கிடையாது. தாய் பின்புறத்தை நக்கிக் கொடுத்தால்தான் சிறுநீரும் புழுக்கையும் ஒழுங்காகக் கழியும். ஒரு மாதத்தில் புல்லைக் கடிக்கத் தொடங்கும், ஆனால் அசைபோடும் வயிறு வளர்ந்திருக்காது; ஆடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதம் தாண்டி, மந்தையோடு ஓடி, படுத்து அசைபோடும் குட்டி என்றால் பிழைக்க வழியுண்டு. முழுதாகப் பால் மறக்க ஆறு மாதம்போல ஆகும்.

பருவம் இங்கே வேறுவிதமாகக் கணக்கில் வருகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு பசும்புல் இருக்கும், குட்டையில் தண்ணீர் இருக்கும். மூன்று, நான்கு மாதக் குட்டிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. அமெரிக்கக் குட்டிக்கு முன்னால் பனி நிற்கிறது. நம் குட்டிக்கு முன்னால் மாசி, பங்குனி வறட்சி நிற்கிறது. அதற்குள் உடம்பு தேற வேண்டும். மந்தையில் வேறு பெட்டைகள் பொதுவாகப் பால் கொடுப்பதில்லை, ஆனால் செந்நாய், சிறுத்தை வந்தால் அவை எழுப்பும் எச்சரிக்கைக் குரல் இந்தக் குட்டிக்கும் உதவும். கடமான் குட்டிக்கு அந்த வசதி குறைவு. கடமான்கள் சின்னக் கூட்டமாகவோ தனியாகவோ திரிபவை. தாய் செத்தால் குட்டி பெரும்பாலும் ஒற்றைதான்.

இவ்வளவும் தாய் உண்மையிலேயே இல்லாத குட்டிக்கு. வயலில் கிடப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தாய் பக்கத்துப் புதரில்தான் இருக்கும். தாய் பகலெல்லாம் குட்டியோடு நின்றால் அதன் வாசனையே சிறுத்தைக்கு வழிகாட்டும் என்பதால் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகிறது. அந்த இடத்தைச் சுற்றி நாலு பாத்தி அறுக்காமல் விடுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். நூறு மீட்டராவது தள்ளிப் போய், மறுநாள் காலைவரை விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. தூக்கி வந்துவிட்டிருந்தாலும் அன்றே அதே இடத்தில் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் தாய் ஏற்றுக்கொள்ளும்.

பக்கத்தில் மடி கனத்த பெட்டை செத்துக் கிடந்தாலோ, குட்டி மணிக்கணக்கில் விடாமல் கத்தினாலோ, கண் குழிந்து, காதுநுனி சுருண்டு, ஈ முட்டை வைத்திருந்தாலோதான் அநாதை என்று கொள்ளலாம். வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அனுமதியில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அவர்கள் வரும்வரை பால் கொடுக்காதீர்கள். மான்பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல ஏறக்குறைய இருமடங்கு; பசும்பால் கொடுத்தால் கழிச்சல் கண்டு, நீர்ச்சத்து வற்றிச் சாகும். தலையை அண்ணாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கிணற்றில் விழுந்ததையோ நாய் துரத்தியதையோ மீட்டால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஓடி மிரண்ட மானின் தசைகள் உள்ளுக்குள் சிதையும். மேலே ஒரு காயமும் இல்லாமல் அன்றோ சில நாள் கழித்தோ செத்துப்போகும். எனவே முதலில் கண்ணைத் துணியால் மூடுங்கள். பக்கவாட்டில் படுக்கவைத்தால் வயிறு உப்பும், நெஞ்சு தரையில் படும்படி உட்காரவையுங்கள். இருட்டான, சத்தமில்லாத இடம் போதும். ஊரே கூடி ஸ்டேட்டஸுக்குப் படம் பிடிப்பதில்தான் பாதிக் குட்டி போகிறது.

புட்டிப்பாலில் வளர்ந்த ஆண்குட்டிக்கு மனிதரிடம் பயம் இருக்காது. கொம்பு முற்றி, கூடும் பருவம் வந்தால் வளர்த்தவரையே போட்டியாளாக நினைத்துக் குத்தும். அதைக் காட்டில் விட்டாலும் நேராக ஊருக்குள்தான் வரும்.