பேருந்து ஹார்னும் பாட்டியின் ழகரமும்

ஸ்பெக்ட்ரல் எடிட்டிங், அதாவது ஒலியைப் படமாகப் பார்த்து வேண்டாத சத்தத்தை அதிலிருந்து எடுப்பது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் செலக்ஷனைப் பற்றித்தான், எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றித்தான் பேசுவேன். எது சத்தம், எது பேச்சு என்று எல்லை போட்டுக் காட்டுவதுதான் இதில் பெரிய வேலை. அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு பட்டன் அழுத்துகிற நேரம்தான்.

என்னிடம் வருபவை பெரும்பாலும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள். திண்ணை, களத்துமேடு, கோயில் பிராகாரம் என்று கிடைத்த இடத்தில் எடுத்தவை. இப்போது கையில் இருப்பது காவிரிக் கரையோரக் கிராமத்தில் ஒரு பாட்டி வெள்ளத்தைப் பற்றிப் பேசியது. "அந்த வருசம் வாழையெல்லாம் தண்ணியோட போயிருச்சு" என்கிறார். அந்த 'வாழை' மேலேயே ஒரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போகிறது. பாட்டிக்கு ழகரம் அவ்வளவு சுத்தமாக வருகிறது. ஹார்னோடு சேர்த்து அதையும் துடைத்துவிட எனக்கு மனசு வராது.

நான் பயன்படுத்துவது ஐசோடோப் ஆர்எக்ஸ் என்ற ஒலி திருத்தும் மென்பொருள். அது காட்டும் ஒலியின் படமான ஸ்பெக்ட்ரோகிராமில் இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், பிரகாசம்தான் ஒலியின் அளவு. ஹார்ன் அதில் 420 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, அதன் மடங்குகளான 840, 1260, 1680, 2100-ல் அடுத்தடுத்த கோடுகள் என்று ஏணிப்படி மாதிரி தெரிகிறது. பாட்டியின் குரலும் கோடுகள்தான். ஆனால் பேசுகிறவர் குரல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் அவை நெளியும். ஹார்னின் கோடு அப்படி நெளியாது.

நெளியாதே தவிர, சாயும். பேருந்து நம்மை நோக்கி வரும்போது சுருதி கொஞ்சம் ஏறியும், தாண்டிப் போனதும் இறங்கியும் கேட்குமே, அந்த டாப்ளர் விளைவுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 420 ஹெர்ட்ஸ் கோடு சுமார் 27 ஹெர்ட்ஸ் இறங்கும். ஐந்தாவது கோடு அதைப்போல ஐந்து மடங்கு, ஏறக்குறைய 135 ஹெர்ட்ஸ் இறங்கும். அடிக்கோட்டுக்குச் செவ்வகமாக ஒரு கட்டம் போட்டால் போதும். மேலே உள்ள கோடுகளுக்கு அதே கட்டம் போட்டால் ஒரு முனையில் ஹார்ன் வெளியே நிற்கும், மறுமுனையில் குரல் உள்ளே மாட்டும். அங்கே கையால் வரைந்து தேர்ந்தெடுக்கும் லாசோவையோ பிரஷ்ஷையோ எடுத்து, சாய்வோடு சாய்வாகத்தான் வரைய வேண்டும். ஷிப்டை அழுத்திக்கொண்டு வரைந்தால் ஏற்கெனவே உள்ள செலக்ஷனோடு சேரும், ஆல்ட்டை அழுத்தினால் அதிலிருந்து கழியும். எனக்கு இந்த இரண்டு விசையிலும்தான் பாதி வேலை நடக்கிறது. ஒத்த ஒலிப்பகுதியைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்ட் வேகமானதுதான், ஆனால் ஹார்ன் கோடும் குரல் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் இரண்டையும் சேர்த்தே அள்ளிவிடும்.

அடுத்தது எஃப்எஃப்டி அளவு, அதாவது படம் வரைய ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது என்பது. இதைப் பலரும் ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட பதிவில் 4096 வைத்தால் படத்தில் ஒரு அதிர்வெண் வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 11.7 ஹெர்ட்ஸ், ஆனால் ஒவ்வொரு தடவையும் 85 மில்லிசெகண்டை மொத்தமாகப் பார்க்கிறது. கோடுகள் மேலும் கீழும் கூர்மையாக இருக்கும், பக்கவாட்டில் கலங்கியிருக்கும். 512-க்கு வந்தால் பார்வை 11 மில்லிசெகண்டாகச் சுருங்கும், கோடுகளோ தடித்துப்போகும். அதனால் 4096-ல் வைத்துக் கோட்டின் மேல் கீழ் விளிம்பை வரைவேன். அப்புறம் செலக்ஷனைக் கலைக்காமல் 512-க்கு மாற்றி, ஹார்ன் தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் நறுக்குவேன். மாறுவது படம் மட்டும்தான், ஒலிக்கு ஒன்றும் ஆகாது.

இனி ழகரம். நாக்கு வளையும்போது குரலின் மூன்றாவது அதிர்வுப்பட்டை, அதாவது மூன்றாம் ஃபார்மன்ட், இறங்கி இரண்டாவதை நெருங்கும். ழகரத்தை நாம் ழகரமாகக் கேட்பதில் அந்த இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டியின் 'வாழை'யில் அது நடப்பது 2000 ஹெர்ட்ஸ் பக்கம். ஹார்னின் 1680, 2100 கோடுகள் இரண்டுமே அங்கேதான் ஓடுகின்றன. அவற்றை முழுவதுமாக எடுத்துக் கேட்டுப் பார்த்தால் 'வாயை' மாதிரி ஒலிக்கிறது.

ஆகவே அந்த இரண்டு கோடுகளில் மட்டும், ழகரம் ஒலிக்கிற அந்தச் சின்ன நேரத்தை ஆல்ட் வைத்துக் கழித்துவிட்டேன். மற்ற இடங்களில் ஸ்பெக்ட்ரல் ரிப்பேர் என்ற கருவியின் அட்டென்யுவேட், அதாவது ஒலியைத் தணிக்கும் முறை, மேலும் கீழும் உள்ள ஒலியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்படி. கழித்த துண்டுக்குத் தனியாக ஒரு செலக்ஷன், அதில் சில டெசிபல் குறைப்பு மட்டும். கொஞ்சம் ஹார்ன் மிஞ்சத்தான் செய்கிறது. மிஞ்சட்டும். தெருவில் பேருந்து போனது கேட்பவருக்குத் தெரிந்தால் ஒரு நஷ்டமும் இல்லை, பாட்டி சொன்ன சொல் மாறிப்போனால்தான் நஷ்டம்.

விளிம்பை ஃபெதர் செய்யாமல், அதாவது படிப்படியாகக் கரையவிடாமல் விடக்கூடாது. செலக்ஷன் கத்தி வைத்து வெட்டினாற்போல் முடிந்தால் அந்த ஓரத்தில் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பும். அதே சமயம் ஃபெதரை ரொம்பவும் அகலப்படுத்தினால் பக்கத்தில் இருக்கும் குரலைத் தின்றுவிடும். இதற்கு எண் ஒன்றும் கிடையாது, காதுதான்.

காது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. செலக்ஷன் சரியா என்று பார்க்க, தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். வெறும் 'பாம்' என்று கேட்டால் நல்லது. அதற்குள் ஓர் 'ஆ'வோ 'ஐ'யோ முனகினால் குரலையும் பிடித்திருக்கிறீர்கள், எந்தக் கோட்டில் என்று தேடிக் கழிக்க வேண்டும். நான் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக இப்படிக் கேட்ட பிறகுதான் பட்டனை அழுத்துவேன். இந்தப் பதிவில் 840-ல் 'வா'வின் நெடில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

பேச்சையும் சத்தத்தையும் தானாகவே பிரித்துத் தரும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஃபேன் சத்தத்துக்கும் ஏசி இரைச்சலுக்கும் நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆவணமாக நிற்கப்போகிற பதிவில், ஒரு சொல்லின் மேலேயே சத்தம் விழுந்திருந்தால் கையால் வரையத்தான் விரும்புவேன். எங்கே தொட்டேன், எவ்வளவு குறைத்தேன் என்று குறிப்பு எழுதி, கை வைக்காத மூலப் பதிவோடு சேர்த்தே அனுப்பிவிடுவேன். நாளை இன்னொருவர் இதைவிட நன்றாகச் செய்ய நினைத்தால் அவருக்கு அது வேண்டும்.