உலை முன் நிற்கப் போகும் கைகளுக்கு

வரும் சனிக்கிழமை ஒரு கொல்லுப் பட்டறையில் ஒருநாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உலை மூட்டுவதில் தொடங்கி, மாலைக்குள் ஒரு கொக்கியை நாமே அடித்து முடிக்கலாம் என்கிறார்கள். எத்தனையோ நாள் ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே அறிவுரைதான் சொல்கிறார்கள்: "கைக்கு வலு ஏற்றிக்கொள்." அண்ணன் ஒரு படி மேலே போய், இரண்டு டம்பெல்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று தச்சர்களும் பெயின்டர்களும் என்னிடம் வருவார்கள். என்னைவிட வலுவான கைகள் அவர்களுடையவை. கருவியை விடாமல் இறுக்கிப் பிடித்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததில் வந்த வலி அது. ஆகவே டம்பெல்லை ஓரமாக வைத்துவிட்டு, தளர்வாகப் பிடிக்கத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகக் கற்பவருக்கு 800 கிராம் முதல் ஒரு கிலோ வரையுள்ள சுத்தியல் போதும். தோளும் முழங்கையும் சேர்ந்து அதை உயர்த்த வேண்டும். இறங்கும்போது அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லின் முகம் கடினப்படுத்திய எஃகு என்பதால், அடித்த சுத்தியலை அதுவே கொஞ்சம் மேலே தள்ளிவிடும். அந்த எழும்பலைக் கையில் வாங்கிக்கொண்டால் அடுத்த அடிக்குத் தூக்குவது எளிது. இறுக்கிப் பிடித்தால் அந்த அதிர்வு முழுவதும் முன்கைத் தசைகளுக்குப் போய்விடும். கட்டைவிரலைப் பிடியின் முதுகில் நீட்டி வைக்காமல், சுற்றிப் பிடிப்பது நல்லது. பட்டடையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், விரல் கணுக்கள் இருக்கும் மட்டத்தில் அதன் முகம் இருப்பது பொதுவான அளவு. அதைவிடத் தாழ்வாக இருந்தால் நாள் முழுவதும் குனிந்தே அடிக்க வேண்டிவரும், இடுப்பு தாங்காது. தொலைபேசியில் ஆசிரியரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். பட்டடைக்குக் கீழே வைக்கப் பலகைகள் இருப்பதாகச் சொன்னார்.

அவரே சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. குழந்தைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணை விரல் தடிமனுக்குச் சதுரக் கம்பியாக உருட்டி, சிறு சுத்தியலால் அடித்துப் பார்க்கச் சொன்னார். பழுத்த இரும்பு சுத்தியலுக்குக் கீழே எப்படி நகருமோ, களிமண்ணும் ஏறத்தாழ அப்படியே நகரும். ஒரே பக்கத்தில் அடித்துக்கொண்டே போனால் பட்டையாகிவிடுகிறது. ஓர் அடி, கால்வட்டம் திருப்பல், மறுபடி ஓர் அடி என்று போனால் சதுரம் குலையாமல் நீள்கிறது. கூர் எடுப்பதற்கும் வரிசை உண்டு: முதலில் நான்கு பட்டையில் கூர், பிறகு நான்கு விளிம்புகளை அடித்து எட்டுப் பட்டை, கடைசியில்தான் உருட்டு. எடுத்த எடுப்பிலேயே உருட்டாக அடித்தால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே செய்து பார்த்தேன். மேல்தோல் மட்டும் முன்னால் ஓடியது. நடுப்பகுதி பின்தங்கி, நுனியில் மீன் வாய் திறந்தது போல ஒரு குழி விழுந்தது. இரும்பில் இப்படிக் குழி விழுந்தால் அது மடிந்து விரிசலாகிவிடும். வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. களிமண்ணில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டதால், ஏன் அந்த வரிசை என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

களிமண் கற்றுத்தராதது சூடு. அதைப் படித்துத்தான் வைத்திருக்கிறேன். மங்கிய சிவப்பு என்றால் சுமார் 700 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு 900, 1000 அளவில். மஞ்சள் 1,100-க்கு மேல்; மென்மையான எஃகைத் தாராளமாக அடிக்கக்கூடிய நிறம் அது. வெண்மையாகிப் பூப்பூவாகப் பொறி கிளம்பினால் இரும்பே எரிகிறது என்று பொருள். நல்ல வெயிலில் இந்த நிறங்கள் வெளுத்துத் தெரிவதால்தான் பட்டறையின் உட்புறத்தை நிழலாக வைத்திருக்கிறார்கள். சிவப்பு மங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் விழும் அடியில் இரும்பு நகராது, கைதான் நோகும். மெல்லிய கம்பி உலையை விட்டு வந்த சில நொடிகளிலேயே நிறம் இழந்துவிடும். எங்கே அடிப்பது என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. அதற்காகக் கொக்கியின் வேலையைக் கூர், சுருள், வளைவு எனப் பிரித்து, ஒவ்வொரு சூட்டுக்கும் எது என்று ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.

சிவந்த இரும்பைப் பார்த்தால் யாரும் விலகிப்போவார்கள். எனக்குக் கறுத்த இரும்புதான் பயம். 400 டிகிரியில் இரும்பு ஒளிராது, சூடேற்றாத இரும்பைப் போலவே கிடக்கும். தொட்டால் தோல் போய்விடும். பட்டறையில் கீழே கிடக்கும் எதையும் சூடானது என்றே கொள்ள வேண்டும். எடுக்குமுன் புறங்கையைத் தொடாமல் அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அப்போதும் குறட்டால்தான் எடுப்பேன்.

உடை முழுக்கப் பருத்தி. பாலியஸ்டரில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கால்சட்டையின் விளிம்பை மடித்துவிடக் கூடாது, பொறி அங்கே போய்த் தங்கும். மூடிய தோல் ஷூ, பக்கமும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கையுறை, குறடு பிடிக்கும் கைக்கு மட்டும். ஈரமான கையுறை கையுறை இல்லாததைவிட மோசம். சூடு பட்டதும் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கை வெந்துவிடும்.

வீட்டில் கிடக்கும் பழைய குழாயைக் கொண்டுபோகலாமா என்று ஒரு தோழி கேட்டாள். கூடவே கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பாக இருந்தால், 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்துப் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். என்ன உலோகம் என்று தெரியாத எதையும் உலையில் வைக்காமல் இருப்பதே சரி.

சிறு சூடு பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

வேலை முடிந்த மாலையில் செய்ய ஒரு நீட்டல் பயிற்சி. என்னிடம் வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லித்தருகிறேன். சுத்தியல் பிடித்த கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்து, மறு கையால் விரல்களைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்துங்கள். முன்கையின் மேற்புறம் இழுபடுவது தெரியும். 30 நொடி அப்படியே வைத்திருந்து விடுங்கள். மூன்று முறை போதும். இழுபடுவதைத் தாண்டி வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.