கழுத்து விழும் இடம்

அம்பத்தூரில், சாக்குப் பை நெய்வதற்கான பாலிப்ரோப்பிலீன் டேப் தயாரிக்கும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அது முதல் கோடை. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்திலிருந்து டேப் அறுந்துகொண்டே இருந்தது. உருகிய பிளாஸ்டிக் ஃபிலிமாகத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் குளிரும். பிறகு கீற்றுகளாகி, ஓவன் வழியே ஐந்தாறு மடங்கு நீளத்துக்கு இழுபடும். அந்த இழுப்பில்தான் அறுந்தது. மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணை மட்டமானது என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது.

"தம்பி, ராத்திரி ஷிஃப்டில் ஒழுங்காக ஓடுகிறது. அதே குருணைதானே?" என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன்.

இரவு ஃபிலிமிலும் பகல் ஃபிலிமிலும் துண்டு வெட்டி, இழுவிசை எந்திரத்தில் மாட்டினேன். இரவுத் துண்டு ஓரிடத்தில் மெலிந்து கழுத்து விழுந்தது. அந்தக் கழுத்து அறாமல் இருபுறமும் பரவியது. பகல் துண்டு வெளுத்தது, பரவுவதற்குள் அறுந்தது.

பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கிண்டி சிப்பெட்டில் படித்தபோது நுண்ணோக்கியில் பார்த்த, கறுப்புச் சிலுவை விழுந்த படிக உருண்டைகள் நினைவுக்கு வந்தன. மூலக்கூறுச் சங்கிலிகள் சேலைக் கொசுவம் போல மடிந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகின்றன. பாலிஎத்திலீனில் இந்த மடிப்பை விஞ்ஞானி ஆண்ட்ரூ கெல்லர் 1957-இல் கண்டு சொன்னார். தகடுகள் நடுவிலிருந்து எல்லாத் திக்கிலும் விரிந்தால் உருண்டை. இழுக்கும்போது முதலில் தகடுகளுக்கு இடையிலுள்ள ஒழுங்கற்ற சங்கிலிகள் நீள்கின்றன. பிறகு தகடுகளே சாய்கின்றன. படிகத்துக்குள் சங்கிலி மேல் சங்கிலி வழுக்குகிறது. தகடு சிறு கட்டிகளாக உடைந்து, கொசுவம் அவிழ்ந்து, இழுத்த திசையில் நாராகிறது. கழுத்து என்று நாம் காண்பது இந்த மாற்றம் நடக்கும் இடத்தைத்தான். உடைவதால்தான் டேப்புக்கு வலிமையே வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் ஃபிலிம் மெதுவாகக் குளிர்ந்தால் தகடுகள் தடித்து, உருண்டைகள் பெரிதாகின்றன. ஒரு தகட்டை அடுத்ததோடு கட்டும் சங்கிலிகள் குறைகின்றன. இழுத்தால் நாராகுமுன் உள்ளே நுண்குழிகள் திறக்கின்றன. அந்த வெளுப்பு, குழிகளில் சிதறும் ஒளி.

தொட்டியில் வெப்பமானியை விட்டேன். இரவில் 34 டிகிரி, பிற்பகலில் 48. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, குளிர்விக்கும் குழாய்களில் ஓடு போலப் படிந்திருந்தது. குழாய்களைச் சுரண்டிக் கழுவ ஒரு நாள் ஆனது. குருணையை மாற்றவில்லை.

அதன்பின் அண்ணன் தினமும் மதியம் ஃபிலிம் ஓரத்தில் ஒரு கீற்றுக் கிழித்து, இரு கையாலும் இழுத்து, கழுத்து பரவுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.